கீழே விழுந்தார் என்று எழுதக் கூடாது

ஜூடித்துக்கு எழுத வரும். உட்காரத்தான் வராது. நர்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதியதெல்லாம் நின்றுகொண்டு எழுதியதுதான். கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையில் எழுதுவாள், மருந்துத் தள்ளுவண்டியின் மேல் வைத்து எழுதுவாள், அவசரமென்றால் சுவரில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். அப்பேர்ப்பட்டவளைப் பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கும் கோச்சிங் சென்டரில் உட்கார வைத்து, "கட்டுரை எழுதுங்கக்கா" என்றால் என்ன ஆகும்? கை ஓடாது, கால் ஓடும். மேசைக்கு அடியில் இரண்டு காலும் தானாக நடந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் இளம் நர்ஸ்கள் பெஞ்சு ஆடுகிறதென்று முறைப்பார்கள். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வேறு ஏறி வரும். பசியும் பதற்றமுமாக அவள் பேனாவைக் கடிப்பாள்.

அவளுக்கு இங்கிலாந்தில் ஓர் ஊரில் நர்ஸ் வேலை தயாராக இருந்தது. வீடியோவில் நேர்முகம் நடந்து, அவர்களுக்குப் பிடித்தும் போய்விட்டது. மீதியிருந்தது ஆங்கிலத் தேர்வு. கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் முதல் தடவையே தேறிவிட்டாள். எழுதுவதில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தது. இரண்டாம் தடவையும் அதே பாடம், அதே அரை. மார்ச் முடிவதற்குள் தேறாவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும் என்று ஆள் எடுக்கும் ஏஜென்சியிலிருந்து மெயில் வந்தது. அன்றிலிருந்து அவள் இருப்புக் கொள்ளாமல் திரிந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள். மாடியில் எதற்கு வந்தோம் என்று மறந்துபோய், காய்ந்த துணியையே திரும்ப உதறிப் போட்டுவிட்டு வருவாள்.

அவள் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபின் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து ஏதோ ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். வீட்டில் ஐந்து பிள்ளைகள். யாரும் யாரையும் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிற வீடு அல்ல அது. கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமே. நர்ஸிங் படிக்கட்டும் என்று அத்தை முடிவு செய்தாள், ஜூடித் படித்தாள். சாலமன் நல்ல பையன் என்று சர்ச் சபையில் முடிவு செய்தார்கள், கட்டிக்கொண்டாள். ஈஜிபுராவில் வாடகை குறைவு என்று சாலமன் முடிவு செய்தான், குடிவந்தாள். இதில் எதையும் அவள் குறையாகச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், எதுவும் மோசமாக முடியவும் இல்லை. ஆனால் ஒருவருக்கு வாய்த்ததெல்லாம் நன்றாகவே இருந்தாலும், அதில் ஒன்றுகூட அவர் கேட்டு வாங்கியதில்லை என்றால் உள்ளுக்குள் ஒரு நமைச்சல் இருக்கத்தான் செய்யும்.

சாலமனுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. ஹெப்பகோடியில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அவனுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் இந்தப் பூமியில் இல்லை. மெட்ரோ தூணை எங்கே நட்டிருக்க வேண்டும், கிரிக்கெட்டில் யாரை எடுத்தது தப்பு, பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை ஏன் விற்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் அவனிடம் தீர்ப்பு இருக்கும். வீட்டில் பேசுகிறவன் அவன், தலையாட்டுகிறவள் இவள். கல்யாணம் இத்தனை வருஷம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியதற்கு அதுவே காரணம் என்று அவன் சபையில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறான்.

கோச்சிங் சென்டரில் எழுத்துப் பாடம் எடுப்பவள் ரக்ஷா. ஜூடித்தைவிடப் பத்து வயதாவது சின்னவள். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தாத்தா விதான சௌதாவில் பெரிய அதிகாரியாக இருந்தவராம். அவள் பேச ஆரம்பித்தால் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் ஒரே ஆட்டோவில் ஏறி வரும். ஜூடித்துக்கு அவள் மேடம். அவளுக்கு ஜூடித் அக்கா. முதல் வகுப்பிலேயே ரக்ஷா பலகையில் நான்கு கட்டம் போட்டாள்.

"நோடி, கட்டுரைல நாலு வகை. ஒண்ணு, கண்ணால பார்த்ததை அப்படியே வர்ணிக்கறது. ரெண்டு, நடந்ததைக் கதையா சொல்றது. மூணு, ஒரு விஷயம் எப்படி வேலை செய்யறதுன்னு விளக்கறது. நாலாவது வாதாடறது. உங்க பக்கம் எதுன்னு எடுத்து, அதுக்காக ஃபைட் பண்ணணும். பரீட்சைல பெரும்பாலும் நாலாவதுதான் வரும். அல்லி நிம்ம அபிப்பிராயா பேக்கு, வேணும். உங்க அபிப்பிராயம் இல்லேன்னா மார்க் இல்லே, ஓகேவா?"

முதல் மூன்று வகையில் ஜூடித்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மழைக்கால விடியலில் தங்கவயல் ரயில் பெட்டிக்குள் நனைந்த ஸ்வெட்டர்களின் வாடை எப்படி இருக்கும் என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டு ரக்ஷா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நரம்பு கிடைக்காத கிழவருக்கு டிரிப்ஸ் ஏற்றுவது எப்படி என்று விளக்கியிருந்தாள். அதைப் படித்தவர்கள் யாராக இருந்தாலும் தைரியமாக ஊசியை எடுத்திருப்பார்கள். நாலாவது வகை வந்ததும் வண்டி படுத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டுமா, கூடாதா, உங்கள் கருத்து என்ன என்பது கேள்வி. ஜூடித் ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"வீட்டுப்பாடம் தேவை என்று சிலர் தெரிவிக்கிறார்கள். தேவையில்லை என்று வேறு சிலர் தெரிவிக்கிறார்கள். பெற்றோர் கவலையுடன் காணப்படுகிறார்கள். பிள்ளைகள் களைப்பாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆசிரியர்களுக்குத் தகவல் தரப்பட்டுள்ளது. வேறு புகார் எதுவும் இல்லை."

ரக்ஷா சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். ஜூடித்துக்கு முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்ததும் ரக்ஷா சட்டென்று நிறுத்தினாள்.

"சாரி, சாரிக்கா. கேலி பண்ணலே. இது என்ன ஸ்டைல்? யாரு சொல்லிக் கொடுத்தா இப்படி எழுத?"

"எங்க மேட்ரன்," என்றாள் ஜூடித்.

அது உண்மை. மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தபோது நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக மேட்ரன் ஒருத்தி இருந்தாள். பிரம்பு வைத்திராத குறைதான். அவள் மண்டையில் அடித்தமாதிரி சொல்லித் தந்தது ஒரே ஒரு விஷயம்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. நோயாளி கட்டிலுக்குக் கீழே கிடந்தால், "கீழே விழுந்தார்" என்று எழுதக் கூடாது. விழுந்ததை நீ பார்த்தாயா? "தரையில் கிடக்கக் காணப்பட்டார்" என்று எழுது. வலிக்கிறது என்று எழுதக் கூடாது. "வலிப்பதாகச் சொல்கிறார்" என்று எழுது. உன் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். நாளைக்கு வக்கீல் வந்து கேட்டாலும் உன் எழுத்து உன்னைக் காப்பாற்ற வேண்டும். ஜூடித்துக்கு அந்தப் பாடம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. வளர்ந்த வீடும் அதே பள்ளிக்கூடம்தானே. அதனால் அவளுக்கு எழுதும்போது "நான் நினைக்கிறேன்" என்று பேனா போகாது. போனாலும் ஏதோ பொய் எழுதுகிறமாதிரி இருக்கும்.

ரக்ஷா கதையைக் கேட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"சரி. வீட்டுப்பாடம் வேணுமா வேண்டாமா? எழுத வேண்டாம், வாயால சொல்லுங்கோ."

"ரெண்டு பக்கமும் நியாயம் கீது மேடம்."

"அய்யோ அக்கா! தக்காளி ரசம் பிடிக்குமா, மிளகு ரசம் பிடிக்குமா?"

"வீட்ல எது வெக்கிறமோ அது."

ரக்ஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். நாள்தோறும் யாராவது ஒருவரிடம் ஜூடித் ஓர் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது. அப்புறம் காரணம். அப்புறம் எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்து, கடைசியில் தன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "சும்னே பண்ணுங்கோ. வாய்க்குப் பழகினா கைக்கு வரும்."

இப்படித்தான் அந்தச் சாது பசு பெங்களூர் தெருக்களில் முட்ட ஆரம்பித்தது. முதலில் மாட்டியது காய்கறி வண்டிக்காரர். "இந்தக் கத்திரிக்கா நல்லால்ல. காம்பு கருத்துப் போச்சி. நீங்க தூரத்துலேர்ந்து எடுத்துனு வர்றீங்க, கஷ்டம்தான். ஆனாலும் நல்லால்ல," என்றாள். வண்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப அவரக்கா எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. ஜூடித்துக்கு அதிசயமாக இருந்தது.

அடுத்து சாலமன் புதிதாக வாங்கிய ஆரஞ்சு நிறச் சட்டை. "இது ஒங்களுக்கு நல்லால்ல," என்றாள், அவன் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோது. அவன் சீப்பை அப்படியே நிறுத்தினான். "இன்னா சொன்னே?" என்று கேட்டான். அவள் காரணமும் சொன்னாள், துணி நல்ல துணி என்று எதிர்க்கட்சிக்கு மரியாதையும் கொடுத்தாள். அவன் அன்று அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். ஆனால் அதன்பிறகு அது அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

மூன்றாவது முட்டல் ஆஸ்பத்திரியில். ஓசூர் ரோட்டில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் அவளுக்கு வேலை. வார்டு இன்சார்ஜ் தமயந்தி சிஸ்டர் டியூட்டி அட்டவணையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஜூடித் போய் நின்றாள். "சிஸ்டர், இந்த அட்டவணை சரியில்ல. ஒரு நர்சுக்குப் பதினஞ்சி பேஷண்ட்னா மருந்து கொடுத்துனே ஓடணும், மொகத்தப் பாக்க முடியாது. ஆள் பத்தல, ஒங்க கஷ்டம் தெரியுது. ஆனாலும் சரியில்ல," என்று ஒரே மூச்சில் சொன்னாள். தமயந்தி சிஸ்டருக்கு ஜூடித் பேசுவாள் என்பதே செய்தி. அந்தச் செய்தியை ஜீரணித்துக்கொண்டு, அட்டவணையைக் கழற்றி, அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஜூடித்துக்கே போட்டு மறுபடி ஒட்டினாள். அபிப்பிராயத்துக்கு விலை உண்டு என்று ஜூடித்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, சொன்னதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் சாலமனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் விளையாட்டாகக் கேட்டான்.

"சரிமே, எல்லாத்துக்கும் அபிப்பிராயம் சொல்றியே. இங்கிலாந்து போறதப் பத்தி ஒன் அபிப்பிராயம் இன்னா?"

ஜூடித் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டை நின்றது. இதுவரை அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னது சாலமனின் அக்கா. சரி என்றது சாலமன். சபையில் ஜெபித்தது பாஸ்டர். சாலமனுக்கு உள்ளூர இஷ்டமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை அவள் தேறாமல் வந்தபோதும் அவன் தேற்றிய தேற்றலில் கொஞ்சம் நிம்மதி ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததைப் பார்த்தபடி மனசில் குறித்துக்கொள்ளத் தெரிந்தவள் அவள்.

"சிந்து படிப்புக்கு ஆவும்," என்றாள்.

சிந்து அவர்களுடைய ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. பக்கத்து அறையில் காதில் ஹெட்ஃபோனோடு இருந்தாள்.

"அதான் தெரியுமே. அந்த மனசுக்குத்தான் ஒன்ன எல்லாரும் தியாகின்றாங்க," என்று சாலமன் நெகிழ்ந்துபோய் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினான். "புள்ளைக்காவ நீ படுற கஷ்டம் கர்த்தருக்குத் தெரியும்."

அவன் டிவி பக்கம் போனபிறகு ஜூடித்துக்கு உடம்பெல்லாம் அரித்தது. இப்போது சொன்னது அவள் அபிப்பிராயமே இல்லை. அது சாலமனின் அக்கா சொல்வது, பாஸ்டரம்மா சொல்வது, ஏரியாவே சொல்வது. உறவினர்கள் தெரிவித்தபடி என்று அட்டையில் எழுதுவோமே, அந்த ரகம். அவளுடையது வேறு. அந்த வேறு என்ன என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நேர்முகத்தில் சொன்ன ஒன்று அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது. அங்கே அந்த வார்டில் ஒரு நர்சுக்கு நாலு நோயாளிதான். நாலே பேர்! பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். சாகப்போகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், அவர் போகும்வரை பக்கத்தில் நிற்கலாம். இத்தனை வருஷத்தில் ஒருவர் கையைக்கூட அவள் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றதில்லை. பாதியில் அடுத்த கட்டிலுக்கு மணி அடித்துவிடும். தான் எப்படிப்பட்ட நர்ஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. மகளையும் புருஷனையும் விட்டுவிட்டு அதற்காகவா போவாள் ஒருத்தி? சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா? சப்பாத்தி அன்று மூன்று கருகிப்போனது.

மார்ச்சில் பரீட்சை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கால் வழக்கம்போல நடக்க ஆரம்பித்தது. திரையில் கேள்வி வந்தது: பெரிய நகரங்களின் மையப் பகுதியில் சொந்தக் கார்களைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்தை எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள்?

"சிலர் தெரிவிக்கிறார்கள்" என்று விரல் பழக்கத்தில் அடித்தது. ஜூடித் அதைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு சில்க் போர்டு சிக்னல் ஞாபகம் வந்தது. ஆம்புலன்ஸுக்குள், மூச்சு நின்றுபோன ஒரு மனிதரின் முகத்தில் ரப்பர் பையைப் பொத்தி, கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த மத்தியானம் அது. முன்னால் கார், பின்னால் கார், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். சைரன் அலறிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் நகரவில்லை, நகர இடமும் இல்லை. அவள் கை மரத்துப்போனது. அந்த மனிதர் பிழைக்கவில்லை. அன்று அட்டையில் அவள் எழுதியது, "வழியில் தாமதம் ஏற்பட்டது" என்று மட்டும்தான்.

அடித்த வரியை அழித்தாள். முழுமையாக ஏற்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே அடித்தாள். எனக்குக் கோபம் வருகிறது என்று இரண்டாவது வாக்கியம். அப்புறம் விரல்கள் கால்களின் வேகத்தைப் பிடித்துக்கொண்டன. கார் வைத்திருப்பவர்களுக்கும் வயதான அம்மா அப்பா இருக்கிறார்கள், மழையில் அவர்களை எப்படிக் கூட்டிப்போவார்கள் என்று எதிர்க்கட்சிக்கும் ஒரு பத்தி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அந்த அம்மா அப்பாவும் ஒருநாள் ஆம்புலன்ஸில்தான் வருவார்கள் என்று திருப்பினாள். நேரம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொண்டது. அப்போதுதான், மேசைக்கு அடியில் கால்கள் அசையாமல் இருந்ததைக் கவனித்தாள்.

முடிவு வந்த நாள் அவள் டியூட்டியில் இருந்தாள். துணி மாற்றும் அறைக்குப் போய் போனைத் திறந்து பார்த்தாள். இரண்டு தடவையும் குறைந்த அந்த அரை மதிப்பெண் இந்தத் தடவை இருந்தது. ஓர் அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரக்ஷாவுக்குப் போன் போட்டதும் அவள் கத்திய கத்தலில் பேக்கரியில் பன் வாங்க வந்தவர்களுக்கே விஷயம் தெரிந்திருக்கும். அடுத்து சாலமனுக்குச் சொன்னாள். கிடங்கில் லாரி பின்வாங்கும் பீப் பீப் கேட்டது. அப்புறம், "ஸ்தோத்திரம்" என்றான். அதற்குமேல் அவனுக்கு அபிப்பிராயம் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு சபையில் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது அங்கே வழக்கம். அதற்கென்று ஒரு வடிவம் உண்டு, யாரும் எழுதி வைக்காவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். பட்ட கஷ்டம், விட்ட கண்ணீர், செய்த ஜெபம், திறந்த கதவு. நடுநடுவே சபையார் அல்லேலூயா சொல்வார்கள். பாஸ்டர் ஆரம்பித்தே வைத்துவிட்டார்.

"பெத்த புள்ளையோட எதிர்காலத்துக்காக, கட்டுன புருஷன விட்டுட்டு, கடல் தாண்டிப் போற ஒரு தியாகத் தாய் நம்ம மத்தியில இருக்காங்க. சகோதரி ஜூடித் இப்ப சாட்சி சொல்லுவாங்க."

ஜூடித் மைக்கை வாங்கினாள். சாலமன் இரண்டாவது வரிசையில் இருந்தான், பக்கத்தில் சிந்து. பாஸ்டரம்மா அழுவதற்குக் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். எல்லாரும் எதிர்பார்த்ததைச் சொல்லிவிட்டு உட்கார்வது எவ்வளவு சுலபம் என்று ஜூடித்துக்குத் தெரிந்தது. அந்த வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தும்விட்டன.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் போறது தியாகம் இல்ல. எனக்குப் போவணும்னு ஆச. அதான் போறேன்."

அல்லேலூயா வரவில்லை.

"எம் பொண்ணு படிப்புக்கும் அந்தச் சம்பளம் ஆவும், பொய் சொல்லல. ஆனா அதுக்காவ நான் போவல. எங்க வார்டுல ஒருத்தர் சாவும்போது அவர் கையக் கடசி வரைக்கும் என்னால புடிச்சினு நிக்க முடியாது. அங்க முடியுமாம். நான் நல்ல நர்ஸான்னு எனக்கே தெரியணும். இவங்கள வுட்டுட்டுப் போறது எனக்குக் கஷ்டந்தான். நீங்க யாரும் என்னத் தப்பா நெனச்சாலும் பரவால்ல. எனக்காவத்தான் போறேன். கர்த்தர் எனக்குக் கொடுத்தாரு, நான் வாங்கிக்கினேன்."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பாஸ்டரம்மா கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தாள். பாஸ்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு, பாட்டுப் பாடலாம் என்றார். எல்லாரும் கொஞ்சம் அவசரமாகவே பாடினார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வழக்கமாகக் கை குலுக்குகிறவர்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஜூடித்துக்கு வலித்தது. வலிக்காதமாதிரி நடந்தாள்.

சாலமன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றான். சாவியைப் போடவில்லை.

"எனக்குப் புடிக்கல," என்றான். "நீ போறதும் புடிக்கல. அத்தன பேர் முன்னாடி இப்படிச் சொன்னதும் புடிக்கல. ஊட்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்," என்றாள் ஜூடித். "தைரியம் வரல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது சிந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மா, நெஜமாவே எனக்காக இல்லியா?"

சபையில் ஜூடித் யோசிக்காமல் விட்டது இது ஒன்றுதான். இவ்வளவு பேருக்கு முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள். ஆனாலும் இப்போது பின்வாங்கினால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

"இல்லடா," என்றாள்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

சிந்துவின் தோள்கள் இரண்டும் இறங்கின. அடுத்த நொடி அவள் அங்கேயே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில், குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லா ஆன்ட்டியும் என்னைப் பார்க்கறப்பல்லாம், ஒனக்காகத்தான் ஒங்கம்மா போறா, நீ நல்லா படிக்கலேன்னா அவ பட்ட கஷ்டமெல்லாம் வேஸ்ட்னு சொல்றாங்கம்மா. கணக்குல எனக்கு மார்க் வரவே மாட்டேங்குது. என்னாலதான் நீ அங்க தனியா இருப்பேன்னு எனக்குத் தூக்கமே வரல. நீ ஆசையாத்தான் போறேன்னு ஏம்மா முன்னாடியே சொல்லல?"

ஜூடித் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாலமன் இருவரையும் பார்த்தபடி நின்றான். அந்த ஆன்ட்டிகளுக்கெல்லாம் வீடு வீடாகப் போய் மகளுக்காகத்தான் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அது அவனுக்குத் தெரியும். அவன் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

பாஸ்டரம்மா தயங்கித் தயங்கி அவர்களை நோக்கி வந்தாள். "என்ன சாலமன், இன்னிக்கி சிஸ்டர் அப்படிச் சொல்லிட்டாங்க? புள்ள வேற அழுவுது. மனசுல ஏதாவது வருத்தமா?"

சாலமன் மகளின் தலையில் கை வைத்தான்.

"வருத்தம்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றான். "எம் பொண்டாட்டிக்குப் போவணும்னு ஆச. போறா. நீங்க இனிமே எம் பொண்ணுகிட்ட வேற எதுவும் சொல்லாதீங்க."